ஓவியனும் ஊதியமும்

கலையையும் காசையும் ஒரே மூச்சிற் சொல்வது பலருக்குப் பிடிப்பதில்லை. கலை தெய்விகமானது, காசு உலகியலைச் சார்ந்தது, ஆகவே கூலியைப் பற்றிப் பேசும் கலைஞன் தன் கலைக்கு இழுக்குத் தேடுகிறான் என்பது பரவலான எண்ணம். பாடுபவருக்கும் ஆடுபவருக்கும் பொன்னாடை போர்த்தி மாலை சூட்டுவதிற் சமூகம் பின்னிற்பதில்லை. அவர் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்று கேட்பார்தாம் அரியர்.

பழந்தமிழ்ப் புலவர் இவ்விடயத்திற் கூச்சப்பட்டவரல்லர். குமணனை நாடிச் சென்ற பெருஞ்சித்திரனார், தம் வீட்டு வறுமையை ஒளிக்காமல் எடுத்துரைத்துப் பரிசில் பெற்றார். அதே புலவர், அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாமலே கொடுத்தனுப்பிய பொருளை ஏற்க மறுத்தார் என்பதையும் புறநானூறு சொல்கிறது. ஊதியம் வேண்டும், அது மதிப்போடு வரவும் வேண்டும். அவர் கேட்டவை இவ்விரண்டுமே.

இவ்விரண்டையும் தேடி வாழ்நாள் முழுவதும் உழைத்து, அந்தத் தேட்டத்தின் வரவு செலவுகளையும் தம் கைப்பட எழுதி வைத்துச் சென்றவர் ஒருவர் ஜேர்மனியில் இருந்தார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் நூரம்பேர்க் நகரில் வாழ்ந்த அந்த ஓவியரின் பெயர் ஆல்பிரெக்ட் டியூரர்.

கூப்பிய இரு கரங்களை மட்டுங் காட்டும் ஒரு சித்திரத்தை நேயர்கள் பலர் பார்த்திருப்பர். செபப் புத்தகங்களின் அட்டையிலும், வாழ்த்து மடல்களிலும், கிறிஸ்தவ இல்லங்களின் சுவர்களிலும் அதனைக் காணலாம். அது டியூரர் வரைந்த படம். அதைப் பற்றி ஒரு கதையும் வழங்குகிறது. ஓவியம் பயில விரும்பிய சகோதரர் இருவரில் ஒருவர் சுரங்கத்தில் உழைத்து மற்றவரைப் படிப்பித்தார் என்றும், உழைப்பினாற் சிதைந்துபோன அந்தச் சகோதரரின் கரங்களையே டியூரர் நன்றியோடு வரைந்தார் என்றும் அக்கதை சொல்லும். கேட்போர் உள்ளத்தை உருக்குங் கதைதான். ஆனால் அதற்குச் சான்று எதுவும் இல்லை. உண்மை வேறு. 1508ஆம் ஆண்டில், ஒரு வணிகர் கேட்ட பெரிய பீட ஓவியத்துக்காக, அதில் வரும் அப்போஸ்தலர் ஒருவரின் கரங்களை நீல நிறந் தோய்த்த தாளில் அவர் முன்கூட்டி வரைந்து பார்த்தார். அந்த ஆயத்தப் படமே இது. அந்தப் பீட ஓவியத்தின் பின்னால் உள்ள வரலாறு தியாகத்தைப் பற்றியதன்று, விலையைப் பற்றியது. கற்பனைக் கதையிலும் பார்க்க அதுவே கலைஞர் வாழ்வை விளக்குவது.

டியூரர் 1471ஆம் ஆண்டு மே மாதம் 21ஆந் தேதி பிறந்தார். தந்தையார் ஹங்கேரியிலிருந்து வந்து நூரம்பேர்க்கிற் குடியேறிய பொற்கொல்லர். அவருக்குப் பிள்ளைகள் பதினெண்மர். அவர்களில் வளர்ந்து ஆளாகியவர் மூவரே. மகனும் முதலில் தந்தையிடம் பொற்கொல்லர் தொழிலையே பழகினார். பின்னர் ஓவியத்தில் நாட்டஞ் சென்றது. பழகிய காலம் வீணாயிற்றே என்று தந்தை வருந்தினாராயினும், மகனின் விருப்பத்துக்கு இணங்கி 1486இல் மிக்கேல் வோல்கெமுட் என்னும் ஓவியரிடம் சேர்த்து விட்டார். ஆனால் அந்தக் காலம் வீணாகவில்லை. பொன்னிலும் வெள்ளியிலும் கோடு கீறப் பழகிய கையே பிற்காலத்திற் செப்புத் தகட்டில் உளி பிடித்தது. அந்தத் தகடுகளே அவருக்குச் சோறு போட்டன.

நான்கு ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று தொழில் பயின்று 1494இல் அவர் வீடு திரும்பியபோது, தந்தை அவருக்குப் பெண் பேசி வைத்திருந்தார். மணமகள் பெயர் ஆக்னஸ் பிரை. சீதனம் 200 புளோரின். புளோரின் என்பது அக்காலத்துப் பொன் நாணயம். மணம் முடிந்ததும் இத்தாலிக்குச் சென்று மீண்டு, 1495 அளவில் அவர் சொந்தப் பட்டறை தொடங்கினார். அன்று ஓர் ஓவியனுக்கு இருந்த வழிகள் சிலவே. கோயிலோ, மன்னனோ, செல்வனோ வேலை சொல்ல வேண்டும். சொன்ன வேலையைச் செய்து சொன்ன கூலியைப் பெறவேண்டும். வேலை சொல்வார் இல்லாத நாளில் அடுப்பும் இல்லை.

டியூரர் இன்னொரு வழியைக் கண்டார். அவருடைய ஞானத்தந்தையான அன்டன் கோபெர்கர் பொற்கொல்லர் தொழிலை விட்டு அச்சுத் தொழிலில் இறங்கியவர். ஐரோப்பாவின் பெரிய அச்சுக்கூடங்களுள் ஒன்றை நடத்தியவர். ஒரு நூலை ஒருமுறை அச்சுக் கோத்து நூற்றுக்கணக்கிற் பிரதி எடுத்து ஊரூராக விற்பதைப் போலப் படத்தையும் விற்கலாம் அல்லவா? மரப்பலகையிற் படத்தின் கோடுகள் மட்டும் உயர்ந்து நிற்க மற்ற இடங்களைச் செதுக்கி அகற்றி, மை பூசித் தாளில் ஒற்றினால் ஒரு படம். அதே பலகையிலிருந்து நூறு படம், ஆயிரம் படமும் எடுக்கலாம். செப்புத் தகட்டிற் கோடு கீறி அச்சிடுவது இதிலும் நுட்பமானது; அது சில நூறு நல்ல பிரதிகளைத் தரும். பெரிய ஓவியத்தை வாங்க ஒரு செல்வன் வேண்டும். தாளில் அச்சிட்ட படத்தை வாங்க, சந்தைக்கு வந்த சாதாரண மனிதன் போதும்.

1498இல் அவர் விவிலியத்தின் இறுதி நூலாகிய திருவெளிப்பாட்டைப் பெரிய அளவிலான 15 மரச்செதுக்குப் படங்களாக வெளியிட்டார். ஜேர்மன் மொழியில் ஒரு பதிப்பு, இலத்தீனில் ஒரு பதிப்பு. வரைந்தவரும் அவரே, வெளியிட்டவரும் அவரே. 1500ஆம் ஆண்டோடு உலகம் முடிந்துவிடும் என்று மக்கள் அஞ்சியிருந்த காலம் அது. உலக முடிவைக் காட்டும் அந்தப் படங்கள் அவருடைய பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. இவ்வேலையை அவரிடம் எவரும் கேட்கவில்லை. எவருடைய கட்டளையும் இல்லை. இலாபம் வந்தால் அவருக்கு, நட்டம் வந்தாலும் அவருக்கு. கலைஞன் தன் பொறுப்பிலேயே தன் படைப்பை உலகின் முன் வைத்த நிகழ்ச்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

படம் அச்சாகிவிட்டால் மட்டும் போதாது, விற்கவும் வேண்டும். 1497ஆம் ஆண்டிலேயே அவர் ஒரு விற்பனையாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, எழுத்தில் ஒப்பந்தஞ் செய்துகொண்டார். படங்களை நகருக்கு நகர் எடுத்துச் சென்று நல்ல விலைக்கு விற்றுப் பணத்தை அனுப்புவது அம்மனிதரின் வேலை. இதைவிட வீட்டுப் பெண்களின் உழைப்பும் இருந்தது. பிராங்பேர்ட் பெருஞ் சந்தையிற் கணவரின் படங்களை விரித்து வைத்து விற்றவர் ஆக்னஸ். நூரம்பேர்க்கில் ஆண்டுதோறும் திருப்பண்டங்களை மக்களுக்குக் காட்டும் விழாவில் விற்பனையைக் கவனிக்க முதிய தாயார் இருந்தார். 1506இல் வெனிஸ் நகரிலிருந்து டியூரர் எழுதிய கடிதங்களில் இவ்விருவரின் வியாபாரமும் பேசப்படுகிறது. ஓவியரின் கையெழுத்தை உலகம் அறியும். அந்தத் தாள்களைச் சுமந்து சென்று, விலை பேசி, சில்லறை எண்ணி வாங்கிய பெண்களின் கைகளை உலகம் நினைப்பது குறைவு.

இழப்பும் இல்லாமல் இல்லை. கடன் கொடுத்த பணம் திரும்பி வராமையையும், தம் பணியாள் ஒருவர் கணக்கு ஒப்புவியாமல் நட்டம் விளைத்ததையும், படங்களோடு சென்ற ஒருவர் ரோமாபுரியில் இறந்துபோகச் சரக்கெல்லாம் அழிந்ததையும் அவர் தம் குறிப்பிற் பதிந்திருக்கிறார். மணமான பதின்மூன்றாம் ஆண்டில், வெனிசிற் சம்பாதித்ததைக் கொண்டே பெருங்கடனை அடைத்ததாகவும் எழுதுகிறார். முப்பத்தைந்து வயதில், ஐரோப்பா அறிந்த ஓவியரின் நிலை இது.

வெனிசில் அவர் 1505 முதல் 1507 வரை தங்கினார். அந்நகரில் வாழ்ந்த ஜேர்மன் வணிகர் தம் கோயிலுக்குச் செபமாலைத் திருவிழாவைச் சித்திரிக்கும் பீட ஓவியம் ஒன்றைக் கேட்டனர். கூலி 110 ரைன் புளோரின். நகரத்து ஓவியர் அவரை வரவேற்கவில்லை. மூன்று முறை அவரை நகர நீதிபதிகளின் முன் அழைப்பித்தனர். தம் சங்கத்துக்கு 4 புளோரின் கட்டவும் வைத்தனர். செதுக்கு வேலை நன்றாய்த் தெரியும், வண்ணந் தீட்டத் தெரியாது என்று பழித்தனர். மூத்த ஓவியர் ஜொவான்னி பெல்லினி ஒருவரே அவரைத் தேடி வந்து பாராட்டி, நல்ல விலைக்கு ஒரு படமும் கேட்டார். பீட ஓவியம் முடிந்ததும் வெனிஸ் அதிபரே வந்து பார்த்தார். பழித்தவர்களின் வாய் அடங்கியது. ஆயினும் டியூரரின் கணக்குப் புத்தி உறங்கவில்லை. இந்த ஒரு வேலையில் முடங்கியிராவிட்டால் வேறு வேலைகளால் எவ்வளவோ மிகுதியாகச் சம்பாதித்திருக்கலாம் என்று நண்பர் பிர்க்கைமருக்கு எழுதினார். ஊர் திரும்பும் வேளையில், இங்கே தாம் கனவான் என்றும் தம் ஊரில் ஒட்டி வாழ்பவரே என்றும் பொருள்பட அவர் எழுதிய வரி, கலைஞருக்கு ஊர் தரும் இடத்தைப் பற்றிய நீங்காத மனக்குறை.

ஊர் திரும்பிய பின்னரே கூப்பிய கரங்களின் வரலாறு தொடங்குகிறது. பிராங்பேர்ட் நகரத்துச் செல்வ வணிகர் யாக்கோப் ஹெல்லர், தொமினிக்கன் துறவியரின் கோயிலுக்காக ஒரு பீட ஓவியம் கேட்டார். தேவமாதா விண்ணகம் ஏறி முடிசூடுங் காட்சி. பேசிய விலை 130 புளோரின். டியூரர் வேலையில் இறங்கினார். ஒவ்வொரு தலைக்கும், ஒவ்வொரு கைக்கும், ஆடையின் மடிப்புகளுக்கும் தனித்தனியே படம் வரைந்து பார்த்தார். நடுப்பலகை முழுவதையும் தம் கையாலேயே தீட்டினார். ஐந்தாறு முறை வண்ணத்தின் மேல் வண்ணம் ஏற்றினார். விலையுயர்ந்த நீல வண்ணத்துக்கு மட்டுமே 20 டக்கட்டுக்கு மேற் செலவாயிற்று. மாதங்கள் சென்றன. 130 புளோரின் செலவுக்கே போதாது என்று கண்டு 200 கேட்டார்.

வணிகர் கோபங்கொண்டார். பேசிய பேச்சு மாறலாமா என்பது அவர் கேள்வி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒப்பந்தம் என்பது ஒப்பந்தந்தான். டியூரரோ, வேண்டாமெனிற் படத்தைத் தாமே வைத்துக்கொள்வதாகவும், வேறிடத்தில் 100 புளோரின் கூடுதலாகவே பெறலாம் என்றும் பதில் எழுதினார். அவர் ஏமாற்றவில்லை. சொன்ன விலைக்கு ஏற்ற வேலையைச் செய்து முடித்திருந்தால் வழக்கே இல்லை. கை அதற்கு இணங்கவில்லை. எழுபது புளோரின் வேறுபாட்டுக்குள் ஒரு கலைஞரின் மனச்சாட்சி முழுவதும் அடங்கியிருந்தது.

இறுதியில் ஹெல்லர் 200 புளோரினைக் கொடுத்தார். ஆக்னசுக்கு ஓர் அன்பளிப்பும் அனுப்பினார். 1509 ஆகஸ்டில் படம் பிராங்பேர்ட்டுக்குப் புறப்பட்டது. அதனுடன் சென்ற கடிதம், பெற்ற மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் தந்தையின் கவலையைப் போன்றது. படத்திற் புனித நீர் தெளிக்கப்படாதிருக்கட்டும், தூய்மையாக வைத்திருந்தால் ஐந்நூறு ஆண்டு வாடாதிருக்கும், சில ஆண்டுகளில் தாமே வந்து புது வார்னிஷ் பூசுவார், வேறெவரும் தொட வேண்டாம் என்றெல்லாம் எழுதினார். அதே கடிதத்தில் மனம் நொந்த கணக்கும் இருக்கிறது. சாதாரண ஓவியங்கள் என்றால் ஆண்டொன்றுக்குக் குவியலாகச் செய்து தள்ளலாம், அவற்றில் ஊதியம் உண்டு. இவ்வளவு நுணுகிச் செய்யும் வேலையிற் பிழைக்க முடியாது. ஆகவே இனிச் செதுக்கு வேலையையே கவனிக்கப் போகிறார். முன்பே அப்படிச் செய்திருந்தால் இன்று 1,000 புளோரின் மிகுதியாக இருந்திருக்கும். இவையே அவர் சொன்னவை.

இது வெறும் பேச்சாகப் போகவில்லை. அடுத்த ஆண்டுகளில் பெரிய பீட ஓவியங்கள் குறைந்தன. 1511இல் மூன்று பெரிய படநூல்கள் ஒருங்கே வெளிவந்தன. சிறிய படநூல் ஒன்றும் உடன் வந்தது. 1513இலும் 1514இலும் அவருடைய செப்புத் தகட்டுப் படங்களின் சிகரங்கள் எனக் கருதப்படும் வீரனும் மரணமும் பிசாசும், அறையிலிருக்கும் புனித எரோணிமுஸ், மெலன்கோலியா ஆகியன தோன்றின. கூலி போதாமையாற் செல்வரின் சுவரை விட்டுத் தாளுக்கு வந்த ஓவியர், தாளிலே தம் உச்சத்தைத் தொட்டார். வயிற்றுப்பாட்டை நோக்கி எடுத்த முடிவு கலையைக் குறைக்கவில்லை. அது கலைக்கு வேறொரு வாயிலைத் திறந்தது.

1515இல் குஜராத் சுல்தான் போர்த்துக்கேயருக்கு அன்பளித்த காண்டாமிருகம் ஒன்று கப்பலேறி லிஸ்பனை அடைந்தது. அவ்விலங்கை டியூரர் ஒருபோதும் கண்டதில்லை. கைக்குக் கிடைத்த விவரத்தையும் ஒரு சித்திரத்தையும் கொண்டு மரச்செதுக்குப் படம் ஒன்றை வெளியிட்டார். இந்திய நாட்டு விந்தையைக் காண விரும்பியோர் அதை விரும்பி வாங்கினர். அவர் இறந்த பின்னும் அந்தப் பலகையிலிருந்து மீண்டும் மீண்டும் படங்கள் அச்சாயின. சந்தை எதை விரும்பும் என்பதை அறிந்தவர் அவர். ஆனால் விற்பனைக்கென்று செய்த படத்திலும் கோட்டை அலட்சியமாக இழுத்ததில்லை.

எளிதிற் பரவும் பொருளை எளிதிற் களவும் செய்யலாம். டியூரர் தம் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் பெரிய எழுத்தின் கால்களுக்கிடையிற் சிறிய எழுத்து நிற்பதாகப் பின்னி ஒரு முத்திரை அமைத்திருந்தார். அந்த முத்திரையோடு சேர்த்தே அவருடைய படங்களை இத்தாலியச் செதுக்கோவியர் மார்க்கன்தோனியோ ரைமொந்தி பிரதி செய்து விற்றார். டியூரர் வெனிஸ் அரசிடம் முறையிட்டதாகவும், முத்திரையை இடக்கூடாது என்ற தீர்ப்பு மட்டுமே கிடைத்ததாகவும் வசாரி என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். நூரம்பேர்க்கிலும் 1512இல் நகர மண்டபத்தின் அருகே ஒரு வெளியூரான் போலி முத்திரையோடு படம் விற்றபோது, முத்திரைகளை அகற்றாவிடிற் சரக்குப் பறிமுதலாகும் என்று நகர சபை கட்டளையிட்டது. படத்தைப் பிரதி செய்தது குற்றமாகக் கொள்ளப்படவில்லை. பெயரைத் திருடியதே குற்றமாயிற்று. 1511ஆம் ஆண்டு நூல்களில், பேரரசரின் தனியுரிமை இருப்பதைக் காட்டிப் பிறர் உழைப்பைத் திருடுவோரை எச்சரிக்கும் வாசகத்தை டியூரர் அச்சிட்டார். பதிப்புரிமைச் சட்டங்கள் தோன்றுமுன்னரே அந்த உரிமைக்காகப் போராடிய கலைஞருள் அவர் ஒருவர்.

1509இல் அவர் நகரக் கோட்டை வாயிலுக்கருகே ஒரு பெரிய வீட்டை வாங்கியிருந்தார். அது இன்று அவர் பெயரால் நினைவில்லமாக விளங்குகிறது. 1512 முதல் பேரரசர் மக்சிமிலியனுக்காக வேலை தொடங்கியது. ஏறக்குறைய இருநூறு மரப்பலகைகளைச் சேர்த்து அச்சிட்ட பிரமாண்டமான வெற்றித் தோரணப் படம் அவற்றுள் முதன்மையானது. பேரரசர் புகழை வாரி வழங்கினார், பணத்துக்குத்தான் பஞ்சம். மூன்று ஆண்டுகள் தம் செலவிலேயே உழைத்துவிட்டதாக டியூரர் 1515இல் முறையிட்டார். அவ்வாண்டில் ஆண்டுக்கு 100 புளோரின் மானியம் வழங்கக் கட்டளை பிறந்தது. அதைக் கொடுக்க வேண்டியது பேரரசரின் பெட்டியன்று. நூரம்பேர்க் நகரம் பேரரசருக்குக் கட்டவேண்டிய வரி. 1519 ஜனவரியில் மக்சிமிலியன் இறந்தார். புதிய பேரரசர் உறுதி செய்தாலன்றி இனிப் பணம் இல்லை என்று நகர சபை கையை விரித்தது.

எனவே 1520 ஜூலையில், நாற்பத்தொன்பதாம் வயதில், மனைவியையும் பணிப்பெண்ணையும் அழைத்துக்கொண்டு டியூரர் நெதர்லாந்துக்குப் புறப்பட்டார். பெட்டி நிறையப் படங்கள். நூறு புளோரின் மானியத்துக்காகச் சென்ற இப்பயணத்தின் நாட்குறிப்பு, உழைத்து வாழும் கலைஞர் ஒருவரின் கணக்குப் புத்தகமாகவே அமைந்துள்ளது. சாப்பாட்டுக்கு எவ்வளவு, படகுக்கு எவ்வளவு, சூதாட்டத்தில் இழந்தது எவ்வளவு என்று யாவும் அதில் உண்டு. பாம்பேர்க் ஆயருக்கு ஓர் ஓவியமும் அச்சுப் படங்களும் அளித்துச் சுங்க விலக்குக் கடிதம் பெறுகிறார். பிராங்பேர்ட்டில் தங்கியபோது, முன்னாளில் விலைக்காகப் பிணங்கிய ஹெல்லர் அவருடைய விடுதிக்குத் திராட்சை மது அனுப்பி வைக்கிறார். அன்ட்வேர்ப்பில் ஒரே வியாபாரிக்குச் சிறிய பாடுகளின் நூல்கள் பதினாறை 4 புளோரினுக்கு விற்கிறார். அதாவது முப்பத்தேழு படங்கள் அடங்கிய ஒரு நூல் கால் புளோரின். பெருமையெல்லாம் இத்தகைய சிறு தொகைகளின் மேலேதான் நின்றது.

மதிப்புக்கும் குறைவில்லை. அன்ட்வேர்ப் ஓவியர் சங்கத்தார் தம் மனைவியரோடு கூடி வெள்ளித் தட்டுகளில் விருந்து வைத்தனர். அவர் உள்ளே வந்தபோது பெரும் பிரபு ஒருவரை வரவேற்பது போல இரு மருங்கும் எழுந்து நின்றனர். 1520 நவம்பரில், பெரும்பாடு பட்டு, பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ் மானியத்தை உறுதி செய்த பத்திரமும் கைக்கு வந்தது. ஆனால் பிரசெல்ஸ் நகரில் ஆறு பேரின் உருவத்தை வரைந்து கொடுத்தும் ஒருவரும் ஒன்றும் தரவில்லை என்று குறித்திருக்கிறார். நாட்டை ஆண்ட மார்கரெட் சீமாட்டிக்குத் தம் அச்சுப் படங்களின் முழுத் தொகுதியையே வழங்கினார். கைம்மாறாக எதுவும் வரவில்லை. பேரரசர் மக்சிமிலியனின் உருவப் படத்தை அவருடைய மகளான அந்தச் சீமாட்டிக்கே காட்டியபோது, அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஓவியர் அதைத் திருப்பி எடுத்துச் சென்றார். பயண முடிவிற் கூட்டிப் பார்த்தால், பெரியோர் சிறியோர் அனைவரோடும் செய்த கொடுக்கல் வாங்கலில் தமக்கு நட்டமே என்பது அவர் முடிவு. ஊர் திரும்ப அவர் ஒரு வணிகரிடம் 100 புளோரின் கடன் வாங்க வேண்டியிருந்தது. செலாந்துக் கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தைக் காணப் போன பயணத்தின் பின் பற்றிய காய்ச்சல் அவர் உடலை விட்டு முற்றாக நீங்கவேயில்லை.

1524இல் அவர் நகர சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். வாழ்நாள் உழைப்பிற் சேமித்த 1,000 புளோரினைச் சபையிடம் ஒப்படைப்பதாகவும், தமக்கும் மனைவிக்கும் முதுமைக்கால ஆதரவாக ஆண்டுக்கு 50 புளோரின் வட்டி தரவேண்டும் என்றும் கேட்டார். அக்கடிதத்தில் ஓர் உண்மையையும் பணிவோடு பதிந்தார். முப்பது ஆண்டுகளில் இந்த நகரம் தமக்குத் தந்த வேலை 500 புளோரினுக்குங் குறைவு. வெனிஸ் ஆண்டுக்கு 200 டக்கட் தர முன்வந்தது. அன்ட்வேர்ப் 300 கில்டரும் வீடும் தர முன்வந்தது. பிறந்த ஊரின் மேல் வைத்த பற்றினால் இரண்டையும் மறுத்துவிட்டார். தம் செல்வமெல்லாம் வெளியார் தந்தது என்பது இதன் பொருள். சபை வேண்டுகோளை ஏற்றுக்கொண்டது. ஈராண்டின் பின், நான்கு அப்போஸ்தலர் என்று வழங்கும் இரு பெரிய பலகை ஓவியங்களை அவர் அதே நகரத்துக்கு அன்பளிப்பாக அளித்தார். சபை மதிப்பூதியமாக 100 புளோரின் வழங்கியது.

1528ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆந் தேதி டியூரர் காலமானார். விட்டுச் சென்ற சொத்து 6,800 புளோரினுக்கு மேற்பட்டது. அந்நாளில் ஒரு கைவினைஞருக்கு இது பெருஞ் செல்வம். இறந்தபின் நண்பர் பிர்க்கைமர், பணத்தாசையாற் கணவரை ஓயாது வேலை வாங்கிச் சாகடித்தவர் ஆக்னஸ் என்று ஒரு கடிதத்தில் வைதார். அந்த வசை நெடுங்காலம் நின்றது. ஆனால் நடந்தவற்றை நோக்கினால் வேறொரு பெண்ணே தெரிகிறார். கணவர் எழுதி முடித்து அச்சேறாதிருந்த மனித உடலின் அளவு பற்றிய நூலை அதே ஆண்டில் வெளியிட்டவர் ஆக்னஸ். அதைப் பிறர் முந்திக்கொண்டு வெளியிடாமற் காக்க நகர சபையின் தடையும் அப்போது கிடைத்தது. கணவரின் சகோதரர்க்குச் சொத்திற் பங்கு கொடுத்தார். 1539இல் அவர் இறந்தபின், அவர் ஒதுக்கிய பணத்தில் வறிய கைவினைஞர் மகனொருவன் வித்தன்பேர்க் சருவகலாசாலையிற் பயில உதவிநிதி ஏற்பட்டது. சந்தையிற் சில்லறை எண்ணியவர் பேராசைக்காக எண்ணவில்லை.

ஹெல்லருக்காக வரைந்த பீட ஓவியம் என்னவாயிற்று? ஒரு நூற்றாண்டுக்குப் பின் பவேரிய அதிபர் அதைத் துறவியரிடமிருந்து வாங்கி மியூனிக் நகருக்குக் கொண்டு சென்றார். அங்கே 1729இல் அரண்மனையிற் பற்றிய தீ அதை எரித்துவிட்டது. ஐந்நூறு ஆண்டு நிலைக்கும் என்று நம்பி ஐந்தாறு முறை வண்ணம் ஏற்றிய பலகை இருநூற்றிருபது ஆண்டே இருந்தது. இன்று அதன் உருவை அறிய வேறொருவர் செய்த பிரதியைத்தான் பார்க்க வேண்டும். கால் புளோரினுக்கு விற்ற அச்சுப் படங்களோ பலவாக இருந்தமையால் உலகின் நூதனசாலைகள் எங்கும் பிழைத்திருக்கின்றன. விலையே பேசப்படாத ஆயத்தப் படமாகிய கூப்பிய கரங்கள் வியன்னா நகரில் அல்பெர்த்தினா கூடத்திற் பத்திரமாக இருக்கின்றன.

காலத்தின் கணக்கு இவ்வாறு எவருக்கும் பிடிபடாதது. வீட்டுக் கணக்கு அப்படியன்று. அதை ஒவ்வொரு நாளும் தீர்க்க வேண்டும். டியூரர் அதைக் கூச்சமின்றித் தீர்த்தார். விலை கேட்டார், வழக்காடினார், கடன் அடைத்தார், முதுமைக்குச் சேமித்தார். இவற்றுள் எதுவும் அவருடைய கோட்டை வளைத்துவிடவில்லை. அவர் மனத்தை நோகச் செய்தது பணத்தைப் பற்றிப் பேச நேர்ந்தமையன்று. பேசியும் நியாயமான கூலி வராமற் போனமையே. நாதசுரக்காரரையோ, சிற்பியையோ, கூத்தரையோ விழாவுக்கு அழைக்கும் ஊர்கள், புகழுரை சொல்லுமுன் அவருக்குரிய கூலியைப் பேசிய நாளிற் குறையாமற் கொடுத்துவிடட்டும். மாலையைப் பின்னர்ச் சூட்டிக்கொள்ளலாம்.